வெண்ணெய்க் கணக்கு நோட்டு

போன வாரம் அலமாரியை ஒழிக்க ஆரம்பிச்சேன். பழைய பில்லு, காலாவதியான பாலிசி, எதுக்கு எடுத்தோம்னே தெரியாத போட்டோ எல்லாம் ஒரு பக்கமா தள்ளிட்டு இருக்கும்போது ஒரு ஜெராக்ஸ் தாள் கையில வந்துச்சு. மங்கலான பழைய கையெழுத்து. எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனா அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு. அப்புறம் எங்கே ஒழிக்கறது? தரையில உட்கார்ந்து கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சாச்சு. ரங்கமணி ரெண்டு தடவை எட்டிப் பார்த்துட்டு, இன்னிக்கு சமையல் தன் பொறுப்புன்னு புரிஞ்சுக்கிட்டு போயிட்டார்.

புதுசா வந்திருக்கறவங்களுக்காக: நான் இருக்கறது குஜராத்துல ஆனந்த். நாடே பாலுக்காகப் பேர் சொல்ற ஊர். பொறந்தது ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். வீட்ல ரெண்டு மாடு, ஒண்ணரை ஏக்கர் மேட்டாங்காடு. படிச்சது பால் தொழில்நுட்பம். வேலை பால் பதப்படுத்தற மெஷினுங்களோட. ஆக மொத்தம், அம்மா கையால பீச்சினதை நான் பைப்புல ஓட விடறேன். அவ்வளவுதான் முன்னேற்றம் :-)

2004 ஜனவரியில ஆபீஸ்ல மூணு மாசப் பயிற்சிக்குன்னு அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க. அமெரிக்கான்னதும் நியூயார்க், கலிஃபோர்னியான்னு கனவு காணாதீங்க. மினசோட்டா. அதுலயும் தென்மேற்கு மூலை. தெர்மாமீட்டர் மைனஸ் 25, 30னு காட்டும். ஓட்டல் வாடகை கட்டுப்படியாகாதுன்னு பண்ணையில தனியா இருந்த ஒரு வயசான தம்பதி வீட்ல தங்க ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. ரெண்டு பேருக்கும் எழுபதைத் தாண்டின வயசு. பேர் வேண்டாமே, தாத்தா பாட்டின்னே சொல்றேன்.

முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில பாட்டி கேட்ட முதல் கேள்வி, "உங்கப்பா அம்மா என்ன பண்றாங்க?" ரெண்டு மாடு வச்சிருக்காங்கன்னு சொன்னேன். "இருநூறா?" "இல்லை, ரெண்டு." தாத்தா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பேர் என்ன?"ன்னார். எங்க அப்பா பேரைச் சொன்னேன். "அவர் பேர் இல்லம்மா, மாடுங்க பேர்!" லட்சுமி, செவலைன்னு சொன்னதும் அந்த வீட்ல நான் விருந்தாளி இல்லை, சொந்தக்காரின்னு ஆயிடுச்சு.

அந்த மூணு மாசத்துல அவங்க ரெண்டு பேரும் துண்டு துண்டா சொன்ன குடும்பக் கதைதான் இது. கூடவே நடந்த சரித்திரத்தை நான் அங்கேயும் அப்புறமும் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ரெண்டையும் சேர்த்து எழுதறேன்.

முதல்ல பிரெய்ரின்னா என்னன்னு சொல்லணும். வட அமெரிக்காவோட நடுவுல பரந்து கிடக்கற புல்வெளி. மரம் கிடையாது. மலை கிடையாது. கிழக்குப் பக்கத்துப் பிரெய்ரியில புல்லு ஆள் உயரத்துக்கும் மேல வளரும். அதோட வேர் பூமிக்குள்ள அதைவிட ஆழமாப் போகும். ஆயிரக்கணக்கான வருஷம் அந்த வேர் மக்கி மக்கி மண்ணு கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. நம்ம கரிசலைப் பார்த்தவங்களுக்கே பொறாமை வரும். ஆனா அதை உழறது சாமானியமில்லை. வார்ப்பிரும்புக் கலப்பையில மண்ணு ஒட்டிக்கும். 1837-ல ஜான் டீர்ங்கற கொல்லர் எஃகு முகம் வச்ச கலப்பையைச் செஞ்ச பிறகுதான் அந்த மண்ணு வழிக்கு வந்துச்சு.

யாரும் இல்லாத நிலம்னு நினைச்சுடாதீங்க. அது டகோட்டா பழங்குடிகளோட பூமி. 1851 ஒப்பந்தங்கள்ல பெரும்பகுதி நிலத்தை எழுதி வாங்கிக்கிட்டாங்க. பேசின பணமும் தானியமும் ஒழுங்கா வரலை. 1862-ல பட்டினியில கலவரம் வெடிச்சு, ரெண்டு பக்கமும் நிறைய உயிர் போச்சு. அந்த வருஷம் டிசம்பர் 26-ம் தேதி மேன்கேட்டோ ஊர்ல 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில தூக்குல போட்டாங்க. அமெரிக்க வரலாற்றுல ஒரே நாள்ல நடந்த மிகப்பெரிய தூக்கு அதுதான். அடுத்த வருஷம் மிச்சம் இருந்தவங்களையும் மாநிலத்தை விட்டே துரத்தினாங்க. தாத்தா இதை மறைக்கலை. "எங்க முப்பாட்டன் வந்து இறங்கினப்ப நிலம் காலியா இருந்துச்சுன்னு எங்களுக்குச் சொல்லித் தந்தாங்க. யார் காலி பண்ணாங்கன்னு நான் பெரியவனானப்புறம்தான் கேட்டேன்"னார்.

அதே 1862-ல, மே மாசம், லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். 21 வயசானவங்க யார் வேணும்னாலும் சின்னக் கட்டணம் கட்டி 160 ஏக்கர் எழுதிக்கலாம். அஞ்சு வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்டணும். அப்புறம் நிலம் சொந்தம். இன்னும் குடியுரிமை வாங்காதவங்ககூட, வாங்கப் போறேன்னு எழுதிக் கொடுத்தாப் போதும்.

நார்வேயில அப்ப என்ன நிலைமைன்னா, பண்ணை மூத்த பிள்ளைக்குத்தான் போகும். மத்தவங்க இன்னொருத்தர் நிலத்துல குடிசை போட்டு, வாடகைக்குப் பதிலா உழைச்சுத் தரணும். நம்மூர் பண்ணையாள் மாதிரின்னு வச்சுக்குங்களேன். பாறையும் கடலும் போக உழற நிலமே கொஞ்சம். 1825-லேர்ந்து நூறு வருஷத்துல ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் அந்த சின்ன நாட்டை விட்டுக் கப்பலேறினாங்க. 1870 வாக்குல அதுல ரெண்டு பேர் தாத்தாவோட முப்பாட்டனும் முப்பாட்டியும். புதுசாக் கல்யாணமானவங்க.

இங்கே ஒரு விஷயம் கேட்டு எனக்கு சிரிப்பு தாங்கலை. நார்வேக்காரங்களுக்கும் அப்போ நம்மள மாதிரியே குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது! ஓலேவோட மகன் லார்ஸ்னா லார்ஸ் ஓல்சன். அந்த லார்ஸோட மகன் ஓலேன்னா ஓலே லார்சன். பொண்ணா இருந்தா லார்ஸ்தாத்தர், அதாவது லார்ஸ் மகள். கூடவே எந்தப் பண்ணையில குடியிருக்காங்களோ அந்தப் பேரு, நம்ம ஊர்ப்பேர் மாதிரி. பண்ணை மாறினா பேரும் மாறும். அமெரிக்காவுல இறங்கினதும் ஆபீசர் "சர்நேம் என்ன?"ன்னு கேட்டிருக்கார். அன்னிக்கு சொன்னதே பரம்பரைக்கும் நிலைச்சுடுச்சு. நார்வேயிலேயே 1923-ல சட்டம் போட்டுத்தான் நிலையான குடும்பப் பேர் வந்துச்சு. ஆனந்த் பேங்க்ல கணக்கு ஆரம்பிக்க நான் பட்ட பாட்டைப் பாட்டிகிட்ட சொன்னேன். இனிஷியல்னா அப்பா பேரு, சர்நேம் இல்லைன்னு கவுண்ட்டர்ல அரை மணி நேரம் பாடம் எடுத்தும், கடைசியில எங்க அப்பா பேர் எனக்குக் குடும்பப் பேராயிடுச்சு. வடக்கே இருக்கற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இந்தக் கதை உண்டு, இல்லையா?

முப்பாட்டனும் முப்பாட்டியும் முதல்ல கட்டினது மண்ணு வீடு. மரம் இல்லாத ஊர்ல வேற என்ன பண்றது? புல்வேரோட மண்ணைக் கனமான பாளமா வெட்டி, செங்கல் மாதிரி அடுக்குவாங்க. மழை பெஞ்சா கூரையிலேர்ந்து சேறு சொட்டும். வீட்டுக்கு அப்புறம் ஒரு ஜோடி எருது, ஒரு பசு. மிச்சப் பணம் பூரா கோதுமை விதை. அன்னிக்கு மினசோட்டாவுல எல்லாரும் கோதுமைதான் போட்டாங்க. ரயில் வந்தாச்சு, மின்னியாபொலிஸ் மாவு மில்லுங்க வளர்ந்துட்டு இருக்கு, கோதுமைன்னா கையில காசு.

1873-ல வெட்டுக்கிளி வந்துச்சு. ராக்கி மலைப் பக்கத்துலேர்ந்து மேகம் மாதிரி கிளம்பி, வெயிலை மறைச்சுக்கிட்டு இறங்கும். கதிர், காய்கறி, துவைச்சுக் காயப்போட்ட துணி, கலப்பையோட மரக் கைப்பிடி வரைக்கும் கடிச்சுடும். போகும்போது மண்ணுல முட்டை வச்சுட்டுப் போகும். அடுத்த வருஷம் வெளியூர்லேர்ந்து வர வேண்டியதே இல்லை, சொந்த நிலத்துலயே பொறக்கும். தகரத்துல தார் பூசி வயல்ல இழுத்துக்கிட்டுப் போய் பிடிச்சாங்க. 1877 வரைக்கும் அஞ்சு வருஷம் இதே கதை. அந்த ஏப்ரல் 26-ம் தேதியைக் கவர்னர் ஜான் பில்ஸ்பரி பிரார்த்தனை நாளா அறிவிச்சார். அந்தக் கோடையில வெட்டுக்கிளிக் கூட்டம் எழும்பிப் பறந்து போச்சு. இதுல ஆச்சரியம், கோடிக்கணக்குல இருந்த அந்த இனமே அப்புறம் அழிஞ்சு போச்சு. 1902-க்கு அப்புறம் உயிரோட ஒண்ணைக்கூட யாரும் பார்க்கலை. லாரா இங்கல்ஸ் வைல்டரோட சிறுவர் கதைகளை உங்க வீட்டுப் பசங்க படிச்சிருந்தா, பிளம் கிரீக் கதையில வர்றது இதே வெட்டுக்கிளிதான்.

அந்த அஞ்சு வருஷம் என்ன சாப்பிட்டாங்கன்னு தாத்தாகிட்ட கேட்டேன். பதில் பாட்டிகிட்டேர்ந்து வந்துச்சு: "பசு." கோதுமையைத் தின்ன வெட்டுக்கிளியால காட்டுப்புல்லை முழுசா தின்னு தீர்க்க முடியலை. மேய்ச்சல் மிச்சம் இருந்துச்சு. பசு பால் கொடுத்துச்சு. முப்பாட்டி வெண்ணெய் கடைஞ்சு, உப்புப் போட்டு, மண்கலயத்துல அடைச்சு ஊர்க் கடையில கொடுத்து உப்பு, சர்க்கரை, துணி, காப்பிக்கொட்டைன்னு பண்டமாத்து பண்ணியிருக்காங்க. அந்தக் கணக்கை ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்காங்க.

அந்த நோட்டைத்தான் பாட்டி ஒரு நாள் எடுத்துக் காட்டினாங்க. தோல் அட்டை, ஓரம் எல்லாம் எண்ணெய்க் கறை. அது தாத்தா வழிச் சொத்துன்னாலும் ஆம்பளைங்க கைக்குப் போனதே இல்லையாம். மாமியார் மருமகளுக்குன்னு கொடுத்துக் கொடுத்து இவங்க கைக்கு வந்திருக்கு. "படிச்சுக் காட்டுங்க"ன்னேன். பாட்டி சிரிச்சாங்க. "எனக்கு ரெண்டு வார்த்தைதான் தெரியும். இது ஸ்மோர், வெண்ணெய். இது எக், முட்டை." நார்வீஜியனிலயும் முட்டைக்கு எக்தானாம். அந்த வார்த்தையே ஆயிரம் வருஷம் முன்னாடி அந்தப் பக்கத்து ஆளுங்க இங்கிலாந்துல போய் இங்கிலீஷுக்குக் கொடுத்ததுதானாம். மத்த எதுவும் அவங்களுக்குப் புரியாது. வீட்ல யாருக்குமே புரியாது.

ஏன்னு கேட்டதுக்கு வந்த பதில்தான் இத்தனை வருஷம் கழிச்சும் என்னை விடலை. அதுக்கு அப்புறம் வரேன்.

கோதுமை மேல இருந்த மோகம் மெல்ல இறங்கிச்சு. ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டு மண்ணு களைச்சுப் போச்சு, பூச்சி வேற. விலையும் இறங்கிக்கிட்டே வந்துச்சு. பக்கத்து விஸ்கான்சின்ல இது முன்னாடியே நடந்து, அங்கே ஹோர்ட்ங்கற பத்திரிகைக்காரர் "மாட்டுக்கு மாறுங்க"ன்னு விடாம எழுதிட்டு இருந்தார். 1885-ல அவர் ஆரம்பிச்ச ஹோர்ட்ஸ் டைரிமேன் பத்திரிகை இன்னிக்கும் வந்துட்டு இருக்கு. மனுஷர் அப்புறம் அந்த மாநிலத்துக்கே கவர்னர் ஆனார். பால்ல அரசியல் பண்ணி மேல வர்றது ஒண்ணும் புதுசில்லை!

ரெண்டு கண்டுபிடிப்பு கை கொடுத்துச்சு. ஒண்ணு, 1878-ல ஸ்வீடன்காரர் டி லாவல் செஞ்ச கிரீம் பிரிக்கற மெஷின். பாலை வேகமா சுத்தவிட்டா கொழுப்பு தனியா, மிச்சப் பால் தனியா வந்துடும். பாலை ராத்திரி பூரா வச்சு ஆடை எடுக்க வேண்டியதில்லை. ரெண்டாவது, 1890-ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஸ்டீஃபன் பாப்காக் கண்டுபிடிச்ச கொழுப்புச் சோதனை. பாலோட கந்தக அமிலம் சேர்த்து சுத்தவிட்டா, கொழுப்பு மட்டும் குப்பியோட கழுத்துல வந்து நிக்கும். கோட்டை வச்சு அளந்துடலாம். அதுவரைக்கும் பாலை எடை போட்டு வாங்கினாங்க. தண்ணி ஊத்தினவனுக்கு லாபம், நல்ல பால் கொடுத்தவனுக்கு நஷ்டம். பாப்காக் இதுக்குக் காப்புரிமைகூட வாங்கலை, எல்லாரும் பயன்படுத்தட்டும்னு விட்டுட்டார். நம்மூர் சொசைட்டிகள்ல பண்ற ஜெர்பர் டெஸ்ட் இதோட சித்தப்பா பிள்ளைதான்.

அதே 1890-ல தெற்கு மினசோட்டாவுல கிளார்க்ஸ் குரோவ்ங்கற சின்ன ஊர். அங்கே குடியேறின டேனிஷ்காரங்க தங்கள் சொந்த நாட்டு மாதிரியில ஒரு கூட்டுறவு வெண்ணெய்ப் பண்ணை ஆரம்பிச்சாங்க. எத்தனை மாடு இருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. டென்மார்க்ல இந்த மாதிரி முதல் கூட்டுறவு 1882-ல ஹெடிங்ங்கற ஊர்ல ஆரம்பிச்சது. மினசோட்டா பல்கலைக்கழகத்துல இருந்த ஹேக்கர்ங்கற பேராசிரியர் கிளார்க்ஸ் குரோவ் நடக்கற விதத்தைப் பார்த்து, மாநிலம் பூரா அதைப் பரப்பினார். சில வருஷத்துல ஊருக்கு ஊர் நூத்துக்கணக்குல வந்துடுச்சு. 1921-ல அதுல 320 சங்கங்கள் ஒண்ணு கூடி ஆரம்பிச்ச பெரிய சங்கம்தான் பிற்பாடு லேண்ட் ஓ லேக்ஸ்னு பேர் வாங்கிச்சு.

ஆனந்த்ல இருந்துக்கிட்டு இதைப் படிச்சா உடம்பு சிலிர்க்கும்ங்க. 1946-ல இதே கேடா மாவட்டத்துல, தரகர் சொன்ன விலைக்குப் பால் தர மாட்டோம்னு விவசாயிங்க நின்னாங்க. திரிபுவன்தாஸ் படேல் தலைமையில சங்கம் அமைச்சாங்க. 1949-ல குரியன் வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டுல பொறந்து, சென்னை லயோலாவுலயும் கிண்டியிலயும் படிச்சவர். வேண்டா வெறுப்பா வந்தவர் கடைசி வரைக்கும் இந்த ஊர்லயே இருந்துட்டார். 1970-ல வெண்மைப் புரட்சித் திட்டம் ஆரம்பிச்சு, எங்க ராசிபுரம் பக்கத்து கிராமம் வரைக்கும் சொசைட்டி வந்துச்சு. டேனிஷ் குடியானவங்க, மினசோட்டா, கேடா, எங்க ஊர்னு எல்லா இடத்துலயும் அதே ஒரு யோசனைதான்: தனியாப் போனா தரகன் விலை, சேர்ந்து போனா நம்ம விலை.

ஆனா நோட்டைப் புரட்டும்போது ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. 1890களோட நடுவுல ஒரு பக்கத்துல, பாதியில கணக்கு நின்னு போயிருந்துச்சு. அப்புறம் எல்லாம் வெத்துத் தாள். "முப்பாட்டி அப்பதான் தவறிட்டாங்களா?"ன்னு கேட்டேன். "இல்லையே, அதுக்கப்புறம் 20 வருஷம் இருந்தாங்க"ன்னாங்க பாட்டி. "ஊர்ல கூட்டுறவு வந்தது அந்த வருஷம்தான்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியலை. அப்புறம் உறைச்சுது. வீட்ல வெண்ணெய் கடையற வரைக்கும் வெண்ணெய், முட்டைக் காசு பொம்பளைங்களோடது. கூட்டுறவு வந்ததும் கிரீம் கேன்ல வண்டியேறிப் போச்சு, மாசாமாசம் செக் வந்துச்சு. உறுப்பினர் பேர்ல. அதாவது புருஷன் பேர்ல. கையொடியக் கடையற வேலை போச்சு, நல்லதுதான். கூடவே அவங்க கணக்கும் போச்சு. குடும்பத்துக்கு வருமானம் கூடினது நிஜம். அவங்க கைக்கு வந்தது குறைஞ்சதும் நிஜம். கூட்டுறவைக் கும்பிட்டே சாப்பிடற எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

சரி, மொழிக்கு வரேன். அந்த வீட்ல ரெண்டு தலைமுறை நார்வீஜியன்லதான் பேசியிருக்காங்க. சர்ச், பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் நடக்கற வேத வகுப்பு, பேப்பர் எல்லாமே. 1917-ல அமெரிக்கா முதல் உலகப்போர்ல இறங்கினதும் எல்லாம் மாறிச்சு. எதிரி ஜெர்மனிதான், ஆனா இங்கிலீஷ் தவிர எது பேசினாலும் சந்தேகம். மினசோட்டாவுல பொதுப் பாதுகாப்புக் கமிஷன்னு ஒண்ணு போட்டு வெளிநாட்டுக்காரங்களை உளவு பார்த்தாங்க. பக்கத்து மாநிலம் ஐயோவாவுல கவர்னர் ஹார்டிங் 1918 மே மாசம் ஒரு பிரகடனமே போட்டார்: பள்ளிக்கூடம், சர்ச், ரயில், டெலிபோன், பொது இடம் எங்கேயும் இங்கிலீஷ் மட்டும்தான். தாத்தாவோட அப்பாவுக்கு அப்போ 13 வயசு. ஸ்கூல்ல கேலி. அந்தப் பையன் வளர்ந்து தனக்குக் குழந்தை பொறந்ததும் வீட்ல இங்கிலீஷ் மட்டும்தான்னு முடிவு பண்ணிட்டார். யாரும் கட்டாயப்படுத்தலை, புள்ளைங்க கஷ்டப்படக் கூடாதேன்னுதான். "அவர் ரொம்ப நல்ல அப்பா"ன்னார் தாத்தா. "ஆனா எங்க பாட்டிகிட்ட நான் ஒரு நாளும் மனசு விட்டுப் பேசினதில்லை. அவங்களுக்கு இங்கிலீஷ் சரியா வராது. எனக்கு அவங்க பேச்சு வராது. ஒரே வீட்ல 15 வருஷம்."

சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்ற பிரார்த்தனை மட்டும் ரெண்டு பேருக்கும் நார்வீஜியன்ல தப்பில்லாம வரும். அர்த்தம் கேட்டா முழுசா தெரியாது. அப்புறம் லெஃப்ஸா. உருளைக்கிழங்கை மசிச்சு மாவு சேர்த்து, வட்டமா தேய்ச்சு, பெரிய கல்லுல போட்டு, நீளக் குச்சியால திருப்பி எடுக்கறது. "இது சப்பாத்தி!"ன்னு நான் கத்தினதுல பாட்டி பயந்துட்டாங்க. என்னோட சைவத்துக்கு அந்த மூணு மாசம் லெஃப்ஸாவும் வெண்ணெயும்தான் துணை. மொழி போனாலும் பலகாரம் நிக்குது பாருங்க.

தாத்தா பாட்டி கல்யாணம் 1952-ல. வீட்டுக்குக் கரண்ட் வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்துச்சு. 1930களோட நடுவுல அமெரிக்கப் பண்ணைகள்ல பத்துல ஒண்ணுக்குத்தான் கரண்ட். ரூஸ்வெல்ட் 1935-ல கிராம மின்மயத் திட்டம் கொண்டுவந்து, அங்கேயும் விவசாயிங்க கூட்டுறவா சேர்ந்துதான் கம்பி இழுத்தாங்க. கரண்ட் வந்தா கறவை மெஷின். அப்புறம் பால் கேன் போய் பெரிய குளிர்தொட்டி. அதை வாங்க முடியாதவங்க மாட்டை வித்தாங்க, ஊர் கூட்டுறவுகள் ஒண்ணொண்ணா மூடிச்சு. இவங்க கடன் வாங்கி வாங்கினாங்க. விடியக்காலை நாலரைக்கு ஒரு கறவை, சாயங்காலம் நாலரைக்கு ஒரு கறவை. 34 வருஷம். பொண்ணு கல்யாணத்தன்னிக்கும் கறந்துட்டுத்தான் சர்ச்சுக்குப் போனாங்களாம். ரெண்டு பேரும் சேர்ந்து வெளியூர்ல ஒரு ராத்திரி தங்கினதில்லை. எங்க அம்மா எந்தச் சொந்தக்காரங்க வீட்லயும் ராத்தங்காததுக்கு இதேதான் காரணம்.

1980கள்ல வட்டி ஏறிச்சு, நில விலை விழுந்துச்சு, கடன் வாங்கின பண்ணைங்க ஏலத்துக்கு வந்துச்சு. பாலோ நாட்டுக்குத் தேவைக்கு மேல. அரசாங்கம் 1986-ல ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு: மொத்த மாட்டையும் வெட்டுக்கோ ஏற்றுமதிக்கோ அனுப்பிடணும். அஞ்சு வருஷம் பால் தொழில் பக்கமே வரக்கூடாது. அதுக்குப் பணம். ஏறக்குறைய 14,000 பண்ணைங்க சேர்ந்துச்சு. கன்னுக்குட்டியோட சேர்த்து 15 லட்சம் மாடு போச்சு. அந்த மாடு மறுபடி பால் தொழிலுக்குத் திரும்பிடாம இருக்க, தாடையில சூட்டுக்கோலால ஒரு பெருக்கல் குறி போடணும்னு விதி. மிருகவதைன்னு நியூயார்க் மாநிலத்துல ஒரு கோர்ட் அந்தச் சூட்டைத் தடுத்துச்சு. அப்புறம் குளிர்முத்திரைக்கு மாத்தினாங்க.

இவங்க மாடு அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. 42 மாடு. ஒவ்வொண்ணுக்கும் பேர் உண்டு. தாத்தா தலையைப் பிடிச்சிருக்கார், இன்னொருத்தர் சூடு போட்டிருக்கார். "அதுங்க என்னை நம்பித்தான் தலையை நீட்டிச்சு"ன்னு சொல்லிட்டு எழுந்து வெளியே போயிட்டார். மைனஸ் 20-ல, கோட்டு இல்லாம. பாட்டி கோட்டை எடுத்துக்கிட்டு பின்னாடியே போனாங்க.

கடன் அடைஞ்சுது. நிலம் தப்பிச்சுது. மூணு பிள்ளைங்களும் நகரத்துக்குப் போயிட்டாங்க. நான் தங்கியிருந்தப்ப அந்தத் தொழுவம் காலியா இருந்துச்சு, ஆனா பாட்டி தினம் நாலரைக்கு எழுந்துடுவாங்க. 1970-ல அமெரிக்காவுல பால் மாடு வச்சிருந்த பண்ணைங்க ஆறு லட்சத்துக்கும் மேல. இப்போ முப்பதாயிரத்துக்கும் குறைவு. பாலோ கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆயிரக்கணக்குல மாடு நிக்கற ஷெட்டுங்க. அங்கேயெல்லாம் ஓடற மெஷினைப் பத்திக் கத்துக்கத்தான் நான் போயிருந்தேன்ங்கறதையும் சொல்லிடறேன்.

கிளம்பற அன்னிக்குப் பாட்டி நோட்டுலேர்ந்து ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாங்க. சில வருஷம் கிறிஸ்துமஸ் கார்டு வந்துச்சு. அப்புறம் பாட்டி கையெழுத்து மட்டும். அப்புறம் அதுவும் நின்னுடுச்சு.

ஊருக்கு வந்ததும் அம்மாகிட்ட இந்த நோட்டுக் கதையைச் சொன்னேன். எங்க ஊர் சொசைட்டி பாஸ்புக்கும் அப்பா பேர்லதான். கறந்தது, தீவனம் வச்சது, சாணி வாரினது எல்லாம் அம்மா. அம்மா அன்னிக்கு ஒண்ணும் பேசலை. 2009-ல அப்பா போனதும் மாட்டை வித்துட்டு என்கூட ஆனந்த் வந்தாங்க. பால் ஊர்ல பாக்கெட் பால் குடிக்கறதுதான் அவங்களுக்குப் பெரிய குறை. "கை சும்மா இருக்குது கண்ணு"ன்னு விடியக்காலையில வாசல்ல உட்கார்ந்திருப்பாங்க.

போன வாரம் ஜெராக்ஸைக் கையில வச்சுக்கிட்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துட்டு, உள்ளே போய் தன் டிரங்குப் பெட்டியிலேர்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துட்டு வந்து என் மடியில போட்டாங்க. பென்சில் எழுத்து. "டீச்சர் வீடு, வெண்ணெய் கால் கிலோ." "மணியாரர் வீடு, நெய் அரை கிலோ, பாக்கி." பக்கம் பக்கமா. சொசைட்டிக்கு ஊத்தினது போக வீட்டுக்குன்னு வச்ச பால்ல, அப்பாவுக்குத் தெரியாம ஆடை சேர்த்து வெண்ணெய் வித்த கணக்கு. கடைசிப் பக்கத்துக்கு முன்னாடி, 1991: "பாப்பா ரயிலு, பெட்டி, போர்வை." நான் வடக்கே படிக்கக் கிளம்பின வருஷம். பணம் சொசைட்டிக் கடன்னு இத்தனை வருஷம் நினைச்சுட்டு இருந்தேன்.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லையே கண்ணு. அமெரிக்காக்காரி நோட்டைத்தான் பார்த்துட்டு வந்த."

இதுல என்ன கூத்துன்னா, பக்கத்துல உட்கார்ந்திருந்த என் பொண்ணுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இங்கே ஸ்கூல்ல இங்கிலீஷ், குஜராத்தி, இந்தி. வீட்ல சொல்லித் தரலாம்னு ஒவ்வொரு லீவுலயும் நினைப்போம். ஆபீஸ், டியூஷன், அப்புறம் பார்த்துக்கலாம். யாரும் எங்களைத் தடுக்கலை, கவர்னர் யாரும் பிரகடனம் போடலை. அவ நோட்டை வாங்கிப் புரட்டிட்டு, "பாட்டி, இதுல எது வெண்ணெய்?"ன்னு கேட்டா. அம்மா விரலை வச்சுக் காட்டினாங்க. ஒரு வார்த்தை. மினசோட்டா பாட்டிக்கு ரெண்டு வார்த்தையாவது தெரிஞ்சுது.

இப்போ தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பக்கம். அம்மா வாசிக்கறாங்க, அவ எழுத்துக் கூட்டறா. நேத்து "பாக்கி"ன்னு அவளே படிச்சுட்டா. அந்த மணியாரர் வீட்டு நெய்ப் பாக்கி வந்துச்சா இல்லையான்னு அவளுக்குத் தெரிஞ்சே ஆகணுமாம். எனக்கும்தான். நோட்டு முடிய இன்னும் 31 பக்கம் இருக்கு.

உங்க வீட்லயும் ஒரு பெட்டி இருக்கும். கேளுங்க. கேக்கலைன்னா அவங்களா எடுத்துக் காட்ட மாட்டாங்க.